காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கும் அறிவியல் கல்லூரியை நம்பலாமா, கையில் உள்ள இடத்தை ஏற்கலாமா?

காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இவ்வாண்டு அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். நாங்கள் அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர்கள். எங்கள் குடும்பத்தில் இப்படி விண்ணப்பித்தவர்கள் இவளுக்கு முன் யாரும் இல்லை. மார்ச் மாத இறுதிக்குள் எல்லா முடிவுகளும் வந்துவிட்டன. ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் இயற்பியல் படிக்க இடம் தந்திருக்கிறது. அவள் மிகவும் விரும்பிய கல்லூரியோ ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்கள் மட்டுமே படிக்கும், அறிவியலையும் பொறியியலையும் மையமாகக் கொண்ட ஒரு சிறிய கல்லூரி. அக்கல்லூரி இடம் உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், காத்திருப்புப் பட்டியலில் வைத்திருப்பதாகக் கடிதம் அனுப்பியுள்ளது. அப்பட்டியலில் தொடர விருப்பமா என்று கேட்டு ஒரு படிவமும் இணைத்திருக்கிறது.

எனக்குச் சில கேள்விகள் உள்ளன. காத்திருப்புப் பட்டியலில் இடம்பெற்றால் ஏறத்தாழ இடம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாமா, அல்லது அது மரியாதையாகச் சொல்லப்பட்ட மறுப்புதானா? மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மே 1-ஆம் தேதிக்குள் பதில் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் காத்திருப்புப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கிவிடுவார்களா? அந்தச் சிறிய கல்லூரிக்கு ஏதேனும் கடிதம் எழுத வேண்டுமென்றால் அதை அவள் எழுத வேண்டுமா, பெற்றோராகிய நாங்கள் எழுதலாமா?

இவற்றோடு இன்னொரு கவலையும் இருக்கிறது. அவளுக்கு இயற்பியலில் எவ்வளவு ஈடுபாடோ அதே அளவு வரலாற்றிலும் உண்டு. இத்தகைய கல்லூரிகளில் வீட்டுப்பாடத்தைத் தவிர வேறு வாழ்க்கையே இல்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அங்கே படித்தவர்கள் எவரேனும் இருந்தால் உள்ளது உள்ளபடி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாறிலி எழுதியது:

வணக்கம் அம்மா. பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பங்களில் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். முன்பணம் பற்றிய கேள்விக்குத் தேதி நெருங்குவதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மே 1-க்குள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இடத்தை ஏற்றுக்கொண்டு முன்பணத்தைக் கட்டிவிடுங்கள். ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டு மற்றொரு கல்லூரியின் காத்திருப்புப் பட்டியலில் தொடர்வது முறையான செயலே. சேர்க்கை அலுவலகங்கள் அதை எதிர்பார்த்தே இயங்குகின்றன. இடம் கொடுத்த இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரே நேரத்தில் முன்பணம் கட்டி, இரண்டு இடங்களையும் பிடித்து வைத்திருப்பதைத்தான் முறையற்றது என்பார்கள். முன்பணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். பின்னால் சிறிய கல்லூரி அழைத்தால் அந்தத் தொகையை இழக்க நேரிடும்.

காத்திருப்புப் பட்டியல் என்றதும் நம்மில் பலருக்கு ரயில் பயணச்சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று ஓர் எண் இருக்கும், ஒருவர் விலகினால் அந்த எண் ஒன்று குறையும். கல்லூரிகளின் பட்டியலில் பெரும்பாலும் அப்படி ஒரு வரிசை கிடையாது. பட்டியல் என்ற பெயர்தான் இருக்கிறதே தவிர, அது தேவைப்படும்போது தேவைப்படும் மாணவரை எடுத்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் ஒரு தொகுப்பு மட்டுமே. ஆகவே 'என் மகள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறாள்' என்று கேட்டுக் கடிதம் எழுதினால் பயனுள்ள பதில் வராது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். ஒரு கல்லூரியின் விடுதிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு 240 படுக்கைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். இடம் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வந்து சேர்வார்கள் என்பது அதன் அனுபவம் என்றால், அது 600 பேருக்கு இடம் தரும். அந்த விகிதம் 42 ஆக உயர்ந்தால் 252 பேர் வந்து நிற்பார்கள், பன்னிரண்டு பேருக்குப் படுக்கை இருக்காது. அதுவே 38 ஆகக் குறைந்தால் 228 பேர்தான் வருவார்கள், பன்னிரண்டு இடங்கள் காலியாக இருக்கும். பல்லாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். சிறிய கல்லூரிக்கு அது கடினம் என்பதால், தொடக்கத்தில் சற்றுக் குறைவாகவே இடம் கொடுத்துவிட்டு, மே மாதத்தில் கணக்குப் பார்த்து மிச்சத்தைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து நிரப்பிக்கொள்வது அதற்குப் பாதுகாப்பாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு இடங்களை நிரப்பும்போது, வகுப்பில் எந்தத் துறையில் ஆர்வமுள்ளவர்கள் குறைந்திருக்கிறார்கள், எந்தப் பகுதிகளிலிருந்து எவரும் வரவில்லை, உதவித்தொகைக்கான நிதியில் எவ்வளவு மீதமுள்ளது என்பன போன்றவை முடிவைத் தீர்மானிக்கும். உங்கள் மகளின் தகுதி ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. இல்லாவிட்டால் மறுப்புக் கடிதமே வந்திருக்கும். அதனால் இடம் கிடைக்காமல் போனாலும் அதை அவளைப் பற்றிய தீர்ப்பாக அவள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

'ஏறத்தாழக் கிடைத்தது போலத்தானா' என்ற கேள்விக்கு அந்தந்தக் கல்லூரியின் எண்களையே பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மிகப் பல ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற பொதுப் படிவத்தை நிரப்பித் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதில் சி2 என்ற பகுதி முழுவதும் காத்திருப்புப் பட்டியல் பற்றியதே. எத்தனை பேருக்குப் பட்டியலில் இடம் தரப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் தொடர ஒப்புக்கொண்டனர், கடைசியில் எத்தனை பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர் என்ற மூன்று எண்களும், பட்டியலுக்குத் தரவரிசை உண்டா என்ற கேள்விக்கான விடையும் அங்கே இருக்கும். ஓராண்டை மட்டும் பார்க்காமல் நான்கைந்து ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே கல்லூரி ஓராண்டு பலரை எடுத்திருக்கும், அடுத்த ஆண்டு ஒருவரைக்கூட எடுத்திருக்காது. 2020-ஆம் ஆண்டின் எண்கள் பெருந்தொற்றுக் காலத்தவை என்பதால் அவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்ற ஆண்டுகளைப் பாருங்கள். அதே ஆவணத்தின் சி7 பகுதியில், 'மாணவர் காட்டும் ஆர்வம்' சேர்க்கை முடிவில் கருதப்படுகிறதா இல்லையா என்றும் அக்கல்லூரி குறித்திருக்கும். கடிதத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதை அதைக்கொண்டு ஓரளவு ஊகிக்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, அசைவு பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும். பெரும்பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழகம் தன் பட்டியலிலிருந்து சிலரை அழைத்தால், அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கல்லூரிகளில் இடங்கள் காலியாகும், அந்தக் கல்லூரிகள் தங்கள் பட்டியலைத் திறக்கும். இந்தத் தொடர் ஜூன் முழுவதும், சில ஆண்டுகளில் அதற்குப் பின்னும் நீளும். 2019-இல் அமெரிக்க நீதித்துறை வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்தின் அடிப்படையில் நடத்திய விசாரணையை அடுத்து, கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் தன் நெறிமுறைகளிலிருந்து சில விதிகளை நீக்கியது. மே 1-க்குப் பிறகு வேறு கல்லூரிக்கு உறுதி சொல்லிவிட்ட மாணவரைக் கவர முயலக் கூடாது என்ற விதியும் அவற்றுள் ஒன்று. ஆகையால் மே 1 என்ற எல்லை முன்பிருந்த அளவுக்கு இறுக்கமானதன்று.

கடிதத்தை அவள்தான் எழுத வேண்டும். பெற்றோர் எழுதுவதும் தொலைபேசியில் அழைப்பதும் நன்மை செய்யாது. சில நேரங்களில் தீமையும் செய்யும். முதலில் கல்லூரி அனுப்பிய அறிவுரையைச் சொல் விடாமல் படியுங்கள், ஏனெனில் படிவத்தைத் தவிர வேறெதையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. கடிதத்துக்கு அனுமதி இருந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், விண்ணப்பித்த பிறகு நடந்தவற்றை மட்டும் எழுதட்டும்: புதிய மதிப்பெண்கள், முடித்த ஆய்வுத்திட்டம், பொறுப்பேற்ற பணி. அக்கல்லூரியை அவள் விரும்புவதற்கான காரணம் வேறு எந்தக் கல்லூரியின் பெயரை அங்கே போட்டாலும் பொருந்தாததாக இருக்க வேண்டும். 'இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன்' என்ற வாக்கியம் வலிமையானது. அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதலாம். சிறிய கல்லூரியில் அந்த உறுதிக்கு மதிப்பு அதிகம், ஏனெனில் ஒருவரை அழைத்து அவர் மறுத்தால் அடுத்தவரைத் தேடுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

தாழை எழுதியது:

மாறிலி ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். அவர் தொட்டுச் சென்ற பணத்தைப் பற்றியும், வெளிநாட்டு மாணவர்களுக்கே உரிய காலச் சிக்கலைப் பற்றியும் ஒரு பெற்றோராக நான் சொல்ல விரும்புகிறேன்.

மாணவரின் பணத்தேவையைக் கருதாமலேயே சேர்க்கை முடிவெடுத்து, பின்னர் தேவை முழுவதையும் ஈடுகட்டும் கொள்கையை வெளிநாட்டவருக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கும் கல்லூரிகள் மிகச் சில. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி., அவற்றுள் ஒன்று. பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் பார்த்தே முடிவெடுக்கின்றன. காத்திருப்புப் பட்டியலைத் திறக்கும் நேரத்தில் அவ்வாண்டுக்கான உதவி நிதியில் பெரும்பகுதி பங்கிடப்பட்டிருக்கும். ஆகவே தங்கள் மகளுக்கு உதவித்தொகை இன்றியமையாதது என்றால், பட்டியலிலிருந்து அழைக்கப்படுவோருக்கு அது உண்டா என்று சேர்க்கை அலுவலகத்திடம் நேராகவே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்பதால் வாய்ப்புக் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம், அந்தத் தேவை விண்ணப்பத்திலேயே பதிவாகியிருக்கிறது.

அடுத்தது விசா. எஃப்-1 மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கக் கல்லூரி தரும் ஐ-20 என்ற படிவம் வேண்டும். அப்படிவம் பெற, முதலாண்டுச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்டும் ஆவணங்கள் வேண்டும். நேர்காணலுக்கு முன், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் 'செவிஸ்' என்ற அரசு அமைப்புக்கான கட்டணமாக 350 டாலர் செலுத்தியிருக்க வேண்டும். ஜூன் மாதக் கடைசியில் சிறிய கல்லூரி அழைத்தால் இவையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஆனால் அதற்காக மாநிலப் பல்கலைக்கழகத்துக்கான விசா வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஐ-20-ஐ வைத்துச் செவிஸ் கட்டணத்தைச் செலுத்திய பின் கல்லூரி மாறினால், செலுத்திய கட்டணத்தைப் புதிய ஐ-20-இல் உள்ள எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. விசாவே கைக்கு வந்துவிட்ட பிறகு கல்லூரி மாறினால்தான் கொஞ்சம் சிக்கல். முதல் முறையாக அந்நாட்டில் நுழையும்போது விசாவில் குறித்துள்ள கல்லூரியும் கையில் உள்ள ஐ-20-உம் ஒத்திருப்பதை அதிகாரிகள் எதிர்பார்ப்பார்கள் என்பதால், எதையும் செய்வதற்கு முன் புதிய கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள். படிப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய முப்பது நாட்களுக்குள்தான் புதிய மாணவர் நாட்டுக்குள் நுழைய முடியும், அதற்கு முன்னதாக முடியாது என்ற விதியும் உண்டு. விமானப் பயணச்சீட்டு வாங்கும்போது இது உதவும்.

காந்தள் எழுதியது:

மாறிலி ஐயாவுக்கும் தாழை அவர்களுக்கும் மிக்க நன்றி. சி2 பகுதியைத் தேடிப் பார்த்தோம். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருப்பதைக் கண்டதும், இதை ஊகித்துப் பயனில்லை என்பது எங்களுக்கே விளங்கிவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட முடிவு செய்துவிட்டோம். பட்டியலில் தொடர்வதா என்ற கேள்விதான் இன்னும் நிற்கிறது. அதற்கு அந்தக் கல்லூரியின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அவள் பார்த்திருப்பதெல்லாம் கல்லூரியே வெளியிட்ட காணொளிகள்தாம்.

பகாஎண் எழுதியது:

வணக்கம் அம்மா. தாங்கள் சொல்லும் வகையைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் படித்து முடித்தவள் நான். எந்தக் கல்லூரி என்று தாங்கள் சொல்லவில்லை என்பதால், இவ்வகையில் நன்கு அறியப்பட்ட சிலவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு சொல்கிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, இங்கே ஒரு மாணவர் தம் துறையை மட்டும் படிக்க முடியாது என்பது. கலிஃபோர்னியாவில் கிளேர்மான்ட் நகரில் உள்ள ஹார்வி மட் கல்லூரி 1955-இல் நிறுவப்பட்டது. சுமார் தொள்ளாயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள், முதுநிலை மாணவர்கள் கிடையாது. அங்கே எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினியியல், பொறியியல் ஆகிய அனைத்தையும் பொதுப் பாடங்களாக முதலில் படித்தாக வேண்டும். கால்டெக் என்று அழைக்கப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அங்கும் உயிரியல் படிக்க வந்தவர் பல்கலைக்கழக அளவிலான இயற்பியலிலிருந்து தப்ப முடியாது. எம்.ஐ.டி. அளவில் பெரியது என்றாலும், இரண்டு பருவ நுண்கணிதம், இரண்டு பருவ இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவை அங்கே எல்லோருக்கும் பொது. தங்கள் மகளுக்கு இயற்பியல் மட்டும் பிடிக்குமா, அல்லது கரிம வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் நிற்கச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் நிற்பாளா என்று அவளிடமே கேளுங்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகள்தாம் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சுமை இவ்வளவு இருக்காது என்பதோடு, உயர்நிலை இயற்பியல் பாடங்களின் எண்ணிக்கையும் வகையும் அங்கே பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

வரலாற்று ஆர்வத்தைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம். எம்.ஐ.டி.யில் பட்டம் பெற, மானுடப் புலங்கள், கலை, சமூக அறிவியல் ஆகிய துறைகளில் எட்டுப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். ஹார்வி மட் கல்லூரியும் இத்துறைகளுக்குப் பாடத்திட்டத்தில் கணிசமான பங்கை ஒதுக்கியிருக்கிறது. அதோடு, பொமோனா, ஸ்கிரிப்ஸ், கிளேர்மான்ட் மெக்கென்னா, பிட்சர் என்ற நான்கு கல்லூரிகள் அதை ஒட்டியே, நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. அவற்றின் வகுப்புகளிலும் பதிவு செய்து படிக்கலாம். நூலகமும் ஐந்து கல்லூரிகளுக்கும் பொது. காலையில் மின்காந்தவியலும் மாலையில் பக்கத்துக் கல்லூரியில் இடைக்கால வரலாறும் படிப்பது அங்கே வியப்புக்குரிய செய்தியன்று. தனித்து நிற்கும் சிறிய கல்லூரிக்கு இந்த வசதி கிடையாது; தங்கள் மகளின் கல்லூரி எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

சுமை கடுமையானது. இதில் நான் எதையும் மென்மையாக்கிச் சொல்லப்போவதில்லை. பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்தவர்களே வந்து சேரும் வகுப்பில் பாதிப் பேர் சராசரிக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். அந்தப் பாதியில் தான் இருக்கக்கூடும் என்பதைப் பதினெட்டு வயதில் ஏற்பது எளிதன்று. கல்லூரிகளும் இதை அறிந்திருக்கின்றன. எம்.ஐ.டி.யிலும் ஹார்வி மட்டிலும் முதல் பருவத்தில் ஏ, பி போன்ற வழக்கமான எழுத்துத் தரங்கள் பதிவாவதில்லை, தேர்ச்சி பெற்றால் போதும். கால்டெக்கில் முதல் இரண்டு பருவங்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. ஆயினும் அது எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. ஹார்வி மட் கல்லூரியில் பாடச்சுமையும் மாணவர்களின் மனநலமும் பெரும் விவாதமாக வெடித்து, 2017 ஏப்ரலில் வகுப்புகளையே நிறுத்திவைத்துப் பேச வேண்டிய நிலை வந்தது. எந்தக் கல்லூரியைக் கருதினாலும், மனநல ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். காணொளியில் அந்த விவரம் இருக்காது.

இதையெல்லாம் தாங்க வைப்பது ஒன்றுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் காண்பதில்லை. இங்கே எவரும் தனியாகப் படிப்பதில்லை. வாராந்தரக் கணக்குத் தாள்கள் ஒருவர் தனியாக உட்கார்ந்து முடிக்க முடியாத அளவுக்குத்தான் அமைக்கப்படுகின்றன. விடுதியின் பொது அறையில் நள்ளிரவில் வெண்பலகையைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றுகொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துக்கொண்டிருப்பதுதான் இக்கல்லூரிகளின் உண்மையான வகுப்பறை. இதற்கு அடித்தளமாக இருப்பது நன்னடத்தை நெறி. கால்டெக்கின் நெறி ஒரே வாக்கியம்தான்: அச்சமூகத்தைச் சேர்ந்த எவரும் மற்றவரிடமிருந்து முறையற்ற ஆதாயம் அடையக் கூடாது. அதை நம்பியே பல தேர்வுத் தாள்கள் விடுதி அறைக்கு எடுத்துச் செல்லக் கொடுக்கப்படுகின்றன. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் கடிகாரத்தைப் பார்த்துத் தானே எழுதி, நேரம் முடிந்ததும் தானே நிறுத்த வேண்டும்; கண்காணிப்பாளர் கிடையாது. மேற்பார்வை இருந்தால்தான் ஒழுங்கு இருக்கும் என்ற சூழலில் படித்து வந்த எனக்கு முதல் தேர்வின்போது இந்த நம்பிக்கையே ஒரு சுமையாகத் தோன்றியது. பின்னர் அது பழகிப்போனது மட்டுமன்று, வேறு முறையில் தேர்வு எழுதுவதே அவமதிப்பாகத் தோன்றும் அளவுக்கு மனம் மாறிவிட்டது.

முதுநிலை மாணவர்கள் இல்லாத கல்லூரியில் பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்ய இளநிலை மாணவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. எனவே ஆய்வு அனுபவம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஆய்வகத்தின் அளவும் கருவிகளும் பெரிய பல்கலைக்கழகத்தோடு ஒப்பிடக்கூடியவை அல்ல. எம்.ஐ.டி. 1969 முதல் யூராப் என்ற திட்டத்தின் வழியாகவும், கால்டெக் 1979 முதல் சர்ஃப் என்ற கோடைக்கால ஆய்வுத்திட்டத்தின் வழியாகவும் இளநிலை மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்தி வருகின்றன. ஹார்வி மட்டில் 1963-இல் தொடங்கிய 'கிளினிக்' என்ற முறையில், இறுதியாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிறுவனம் கொண்டுவரும் உண்மையான சிக்கலை ஓராண்டு முழுவதும் எடுத்து வேலை செய்கிறார்கள். மகள் என்பதால் இதையும் சொல்கிறேன்: அக்கல்லூரியின் தலைவராக 2006-இல் மரியா கிளாவே பொறுப்பேற்ற காலத்தில், கணினியியலைத் தேர்ந்தெடுப்போரில் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தனர். அறிமுகப் பாடத்தை முன் அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு பிரிவாக்கியது உள்ளிட்ட மாற்றங்களுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே அது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது ஆனது. எல்லாம் தெரிந்தவர்போல் முன்வரிசையில் பேசுபவர்களால் மற்றவர்கள் ஒடுங்கிப்போகாமல் பார்த்துக்கொண்டதே அதன் சாரம். தங்கள் மகள் விரும்பும் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எப்படி நடத்தப்படுகிறது என்று இந்தக் கோணத்தில் விசாரியுங்கள்.

வாழ்க்கையே இல்லை என்று உறவினர் சொன்னதைப் பற்றி: கால்டெக்கில் 'டிச் டே' என்று ஒரு நாள் உண்டு. அன்று இறுதியாண்டு மாணவர்கள் வளாகத்தை விட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் மாதக்கணக்கில் திட்டமிட்டு அமைத்துவைத்த புதிர்களை மற்றவர்கள் நாள் முழுவதும் அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். ஹார்வி மட் மாணவர்கள் ஒற்றைச் சக்கர மிதிவண்டி ஓட்டுவதில் பெயர் பெற்றவர்கள். இவற்றைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் ஆசையும் வந்தால் நல்லது. ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரிக்கும் விளையாட்டரங்கமும், ஒவ்வொரு வாரமும் புதுப்புது முகங்களும் வேண்டுமென்றால் மாநிலப் பல்கலைக்கழகமே அவளுக்கு ஏற்றது. சிறிய கல்லூரியில் ஒருவரோடு மனத்தாங்கல் வந்தால் அவரை நான்கு ஆண்டுகளும் அன்றாடம் உணவுக்கூடத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

எதிர்க்கரை எழுதியது:

எல்லோரும் பட்டியலில் தொடர்வதையே இயல்பானதாகக் கொண்டு பேசுவதால் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். விலகிவிடுவதும் மதிக்கத்தக்க முடிவுதான். காத்திருக்கும் பிள்ளை ஏற்றுக்கொண்ட கல்லூரியில் மனம் ஊன்றுவதில்லை. விடுதி அறைத்தோழியைத் தேடுவதைத் தள்ளிப்போடும், பாடப்பதிவைக் கடைசி நாள்வரை விடும், ஜூலையில்கூட மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான ஆனர்ஸ் பிரிவு என்ற சிறிய வட்டமும், முதலாண்டிலேயே ஆய்வகத்தில் சேரும் வாய்ப்பும் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தேடிச் சென்று கேட்பவருக்குத்தான் அவை கிடைக்கும். அப்படிக் கேட்க வேண்டிய காலம் மே, ஜூன் மாதங்கள்தாம். அரை மனத்தோடு காத்திருப்பவர்கள் அந்த வாரங்களைத்தான் இழக்கிறார்கள். தங்கள் மகளுக்கு உதவித்தொகை இல்லாமல் அந்தச் சிறிய கல்லூரியில் சேர முடியாது என்ற நிலை இருந்து, பட்டியலிலிருந்து எடுப்பவர்களுக்கு அது இல்லை என்று பதிலும் வந்துவிட்டால், படிவத்தில் 'விருப்பம் இல்லை' என்று குறித்து அனுப்பிவிடுவதே அவளுக்குச் செய்யும் உதவியாக இருக்கும் என்பது என் கருத்து.

காந்தள் எழுதியது:

பகாஎண் அவர்கள் எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். கரிம வேதியியல் என்றதும் முகத்தைச் சுளித்தாள், கண்காணிப்பாளர் இல்லாத தேர்வு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டியலில் தொடர்வது என்று அவளே முடிவெடுத்திருக்கிறாள்; தாழை அவர்கள் சொன்னபடி உதவித்தொகை பற்றிக் கேட்டு இன்றே எழுதுகிறாள். இல்லை என்று பதில் வந்தால் எதிர்க்கரை ஐயா சொன்னபடி விலகிவிடுவாள். ஒரு வேளை மே அல்லது ஜூனில் அழைப்பு வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மாறிலி எழுதியது:

நல்ல முடிவு, அம்மா. அழைப்பு தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ வரலாம். பதில் சொல்லச் சில நாட்களே தருவார்கள், சில இடங்களில் அதற்கும் குறைவு. எனவே அவள் தன் மின்னஞ்சலை நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். எதிர்க்கரை ஐயா சொன்ன ஆனர்ஸ் பிரிவு விசாரணையை அழைப்பு வருமோ என்று எண்ணி நிறுத்திவைக்க வேண்டாம், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். அழைப்பு வந்தால், தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லிவிடாமல், உதவித்தொகை உள்ளிட்ட முழு விவரத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நான்கு ஆண்டுகளுக்கும் அந்த உதவி தொடருமா என்பது அக்கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ஏற்பதாக முடிவு செய்து, புதிய கல்லூரியின் உறுதி எழுத்தில் வந்த பிறகே மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து விலகுங்கள்; ஆனால் அது வந்த அன்றே விலகிவிடுங்கள், அந்த இடத்துக்கும் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். விலகலை இணையதளத்தில் பதிவு செய்வதோடு நிறுத்தாமல் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். விடுதிப் பிரிவும் மருத்துவக் காப்பீட்டுப் பிரிவும் செய்தி போய்ச் சேராமல் ஆகஸ்டில் தனித்தனியே கட்டணம் கேட்டு எழுதும்போது அந்த நகல் தேவைப்படும்.